கிராணி நாற்காலியிலிருந்து கணினி மேசைக்கு

படித்து முடித்தாயிற்று, வேலை எப்பொழுது கிடைக்கும்? மலேசியத் தமிழர் இல்லங்களிலும் சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களிலும் மூன்று தலைமுறைகளாகக் கேட்கப்பெற்று வரும் கேள்வி இது. கேள்வி மாறவில்லை, கேட்கப்படுவோர் கையிலுள்ள சான்றிதழ்தான் மாறியிருக்கிறது. பாட்டனார் கையில் சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் இருந்தது. தந்தையார் கையில் தட்டெழுத்துச் சான்றிதழ் இருந்தது. மகன் கையிலும் மகள் கையிலும் இன்று கணினியியற் பட்டம் இருக்கிறது.

பட்டம் பெற்ற பின்னரும் ஆறு திங்கள், ஓராண்டு என்று வேலையின்றி வீட்டிலிருக்கும் இளைஞரைக் காணும்போது பெற்றோர் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருகின்றனர். பிள்ளைக்குத் திறமை போதவில்லை என்பது ஒன்று. படித்த படிப்பே பயனற்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் பிழையான முடிவுகளே. கணினித் துறையில் முதல் வேலை எப்படித் தோன்றியது, எக்காலத்தில் அஃது எளிதாகக் கிடைத்தது, எக்காலத்தில் அரிதாயிற்று என்னும் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு முடிவு கட்டமாட்டார். அவ்வரலாற்றை நம் சமூகத்தின் வாழ்வோடு இணைத்துச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராணியார் காலம்

பிரிட்டிஷ் ஆட்சிக் கால மலாயாவில் படித்த தமிழ் இளைஞன் எதிர்பார்த்த முதல் வேலை எழுத்தர் வேலையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத் தமிழர் பலர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர். தோட்டங்களில் அப்பதவிக்குக் கிராணி என்று பெயர். மலாய் மொழியிலும் வழங்கும் அச்சொல்லைத் தோட்டத் தமிழர் தம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டனர்.

விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் பெயர் வாசிப்பவர் கிராணியார். யார் வந்தார், யார் வரவில்லை, எவருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது, மாத முடிவில் எவ்வளவு கூலி என்பனவற்றைச் செக்ரோலில் எழுதி வைப்பவரும் அவரே. பால்மரம் வெட்டிய தந்தைக்குத் தம் மகன் வெள்ளைச் சட்டை அணிந்து அந்த நாற்காலியில் அமர்வதைவிடப் பெரிய கனவு இருந்ததில்லை. மகனுக்குத் தேவைப்பட்டவை நல்ல கையெழுத்து, பிழையற்ற கணக்கு, ஓரளவு ஆங்கிலம், பரிந்துரை செய்ய ஒரு பெரியவர் ஆகிய நான்கே. அவ்வேலைக்குப் பட்டம் தேவைப்பட்டதில்லை. நகரத்து அலுவலகமாயின் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் தெரிந்திருத்தல் நலம்.

இந்த நாற்காலியை நாம் மறவாதிருத்தல் வேண்டும். ஏனெனில், கணினி நம் நாடுகளுக்கு வந்தபோது முதலில் செய்த வேலை இந்த நாற்காலியின் வேலைதான்.

இயந்திரம் வந்தது

சிங்கப்பூரில் 1955ஆம் ஆண்டில் மத்திய சேமநிதிக் கழகம் தொடங்கப்பெற்றது. தொழிலாளியின் பெயர், மாத ஊதியம், அவர் செலுத்திய பங்கு, முதலாளி செலுத்திய பங்கு, கூடிய வட்டி ஆகிய அனைத்தையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டிய கடமை அக்கழகத்திற்கு இருந்தது. கணக்குகள் பெருகப் பெருகக் கையால் எழுதி மாளவில்லை. ஆகவே 1963ஆம் ஆண்டில் அக்கழகம் ஐ.பி.எம். 1401 என்னும் கணிப்பொறியை வாங்கியது. சிங்கப்பூரின் முதற் கணிப்பொறி அதுவே. பெயர்களின் எதிரே நாளையும் கூலியையும் எழுதிய கிராணியாரின் தொழிலைத்தான் அப்பொறி விரைவாகச் செய்தது.

மலேசியாவிலும் 1960களின் நடுப்பகுதியில் மின்சார வாரியம் போன்ற பெரிய நிறுவனங்கள் கணிப்பொறியை நாடின. மலாயாப் பல்கலைக்கழகம் 1965இல் கணினி நிலையம் ஒன்றை நிறுவியது.

அக்காலத்தில் இந்நாடுகளில் கணினியியற் பட்டதாரி என்று ஒருவர் இல்லை. அவ்வாறாயின் அப்பொறிகளை இயக்கியவர் யாவர்? அலுவலகத்தில் ஏற்கெனவே பணியாற்றிய எழுத்தர்களுள் கூரிய அறிவுடையோரையும் கணிதம் பயின்றோரையும் திறனறி தேர்வு வைத்துத் தெரிந்தெடுத்தனர். பொறியை விற்ற நிறுவனங்களே பயிற்சியும் அளித்தன. அத்துறையின் வாயிலில் அன்று மூன்று படிகள் இருந்தன. முதற்படி துளையட்டை அறை. எண்பது பத்திகள் கொண்ட அட்டையில் ஒருவர் துளையிடுவார். அதே செய்தியை மற்றொருவர் மீண்டும் அடித்துச் சரிபார்ப்பார். அவ்வறையில் பணியாற்றியோர் பெரும்பாலும் பெண்கள். இரண்டாம் படி பொறியை இயக்கும் பணி. இரவு முறையும் அதில் உண்டு. மூன்றாம் படியே நிரல் எழுதுவோர் பணி. அட்டைக் கட்டை இன்று கொடுத்தால் விடை நாளை வரும். அதில் ஓர் எழுத்துப் பிழையிருப்பின் மீண்டும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

அன்றைய முதல் வேலை பட்டத்தால் வரவில்லை. அலுவலகத்தின் உள்ளிருந்தே வந்தது. கணக்கின் போக்கை அறிந்த எழுத்தரே நிரலராக மாறினார். பின்னாளில் பட்டம் வந்தது. உள்ளிருந்து செல்லும் அந்த வழி மெல்ல மறைந்தது. இன்றைய இளைஞரின் இடர்ப்பாட்டிற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஓர் அரசு எடுத்த முடிவு

சிங்கப்பூரில் 1975ஆம் ஆண்டில் நன்யாங் பல்கலைக்கழகத்தில் கணினியியல் துறை தோன்றியது. 1980இல் நன்யாங் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமாயின. அதே ஆண்டில் டாக்டர் டோனி டான் தலைமையில் தேசியக் கணினிமயக் குழு அமைக்கப்பெற்றது. அப்பொழுது நாடு முழுவதிலும் கணினி வல்லுநராகப் பணியாற்றியோர் ஏறத்தாழ 850 பேரே. அக்குழுவின் பரிந்துரையால் 1981இல் தேசியக் கணினி வாரியம் பிறந்தது. அரசாங்க அமைச்சுகளைக் கணினிமயமாக்கும் திட்டம் அவ்வாரியத்திடம் ஒப்படைக்கப்பெற்றது.

இவ்விடத்தில் ஒன்றை நாம் கருத வேண்டும். 1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் கணினியியல் முடித்த இளைஞருக்கு வேலை எளிதாகக் கிடைத்ததற்கு அவருடைய பட்டம் மட்டும் காரணமன்று. அமைச்சுகள் தோறும் கணினி வரவேண்டும் என்று அரசு முடிவு செய்திருந்தது. செய்வதற்கோ ஆள் இல்லை. தேவை முன்னே நின்றது. பட்டதாரி பின்னே வந்தார்.

அத்தேவையை நிறைவு செய்யப் பட்டதாரிகள் போதவில்லை. ஆகவே வேறு வாயில்களும் திறக்கப்பெற்றன. 1981இல் பல்கலைக்கழகத்திற்குள் ஐ.பி.எம். ஒத்துழைப்புடன் அமைப்பியல் கழகம் தொடங்கப்பெற்றது. 1982இல் ஜப்பானிய உதவியுடன் மென்பொருள் பயிற்சிக் கழகம் ஒன்றும், பிரிட்டிஷ் கணினி நிறுவனமான ஐ.சி.எல்.-இன் துணையுடன் நீ ஆன் கல்வி நிலையத்தில் கணினிப் பயிற்சி மையம் ஒன்றும் தோன்றின. வேறு துறையில் பட்டம் பெற்றோரும் பட்டயக் கல்வி மாணவரும் இவ்வாயில்கள் வழியே உள்ளே வந்தனர். கணினியியல் பயின்றவர் மட்டுமே கணினி வேலைக்கு உரியவர் என்னும் நிலை அந்தச் செழிப்பான காலத்திலும் இருந்ததில்லை.

1985இல் சிங்கப்பூரின் பொருளாதாரம் சரிந்தது. சுதந்திரத்திற்குப் பின் நாடு கண்ட முதற் சரிவு அது. வேலை வாய்ப்புகள் சுருங்கின. ஆயினும் அச்சரிவின்போது எடுக்கப்பெற்ற முயற்சிகளுள் ஒன்று, வணிக ஆவணங்களைக் கணினி வழியே அனுப்பும் ‘டிரேட்நெட்’ என்னும் அமைப்பாக 1989இல் நடைமுறைக்கு வந்தது. முன்னர்ச் சரக்கு ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் பல படிவங்களை நிரப்பி, அலுவலகம் அலுவலகமாகக் கொண்டு சென்று, ஒப்புதல் பெற நாட்கணக்கில் காத்திருந்தனர். புதிய அமைப்பு அதை ஏறத்தாழ 15 நிமிட வேலையாக்கியது. படிவம் எழுதியோருக்கும் அதைச் சுமந்து சென்றோருக்கும் இருந்த முதல் வேலை குறைந்தது. அவ்வமைப்பை எழுதுவோருக்கும் பேணுவோருக்கும் புதிய முதல் வேலை தோன்றியது. ஒரு நாற்காலி மறைய மற்றொரு மேசை வந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவரே மேசைக்கு வந்தாரில்லை.

தோட்டத்தின் மேல் எழுந்த நகரம்

இனி மலேசியாவுக்கு வருவோம். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறுதல் நம் மாணவருள் பலருக்கு அரிதாயிற்று. 1980களில் தனியார் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பட்டப்படிப்பைத் தொடங்கின. கணினிக் கல்வி அக்கல்லூரிகளில் பெரிதும் விரும்பப்பெற்றது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பிள்ளைகளை அங்கே அனுப்பிய தோட்டத்துப் பெற்றோரை நாம் அறிவோம்.

1996இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. தனியார் உயர்கல்விச் சட்டம் நிறைவேறியது; அதனால் கல்லூரிகள் பெருகின. பிரதமர் டாக்டர் மகாதீர், எம்.எஸ்.சி. என்று நாளிதழ்கள் சுருக்கமாக எழுதிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கினார். கோலாலம்பூரிலிருந்து தெற்கே நீளும் அவ்வழியில் புத்ராஜெயா, சைபர்ஜெயா என இரண்டு நகரங்கள் எழுந்தன. சைபர்ஜெயா 1999இல் திறக்கப்பெற்றது.

புத்ராஜெயா எழுந்த மண் வெறும் காடன்று; அங்கே பிராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் உருவாக்கியமையால் ‘பெரும்போர்’ என்னும் பொருளில் மலாய் மொழியில் அப்பெயர் வந்தது. உலகெங்கும் பால்மர வளர்ப்போர் அறிந்த ‘பி.பி.’ என்னும் மரவகைகளின் பெயரில் உள்ள அவ்விரு எழுத்துகளும் இத்தோட்டத்தையே குறிக்கும். பிராங் பெசார், காலோவே, செட்ஜலி, மெடிங்லி ஆகிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தன. தந்தை பால் எடுத்த நிலத்தை ஒட்டி மகனுக்கு நிரல் எழுதும் வேலை காத்திருக்கிறது என்று அன்று பலர் நம்பினர்; நம்பியது தவறன்று.

ஆனால் 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. அதனைத் தொடர்ந்து ஈராயிரமாம் ஆண்டுச் சிக்கல் என்னும் ஒன்று நிரலருக்குச் சிறிது காலம் வேலை தந்தது. பழைய நிரல்களில் ஆண்டினை இரண்டு இலக்கங்களால் மட்டுமே குறித்திருந்தமையால் 2000ஐப் பொறி 1900 என்று கொள்ளும் என அஞ்சினர். அவற்றைத் திருத்தக் கோபால் என்னும் பழைய நிரல்மொழி அறிந்தோரை நிறுவனங்கள் தேடின. 2000 பிறந்தவுடன் அத்தேவை முடிந்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் உலகெங்கும் இணைய நிறுவனங்கள் சரிந்தன. கல்லூரிகள் பெருகியமையால் பட்டதாரிகள் மிகுந்திருந்த நேரத்தில் வேலைகள் குறைந்திருந்தன.

ஒரு தந்தையின் கேள்வி

அக்காலத்தில் நான் கண்ட ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். ஐந்தாம் படிவத்தில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் 2001இல் கணினியியற் பட்டம் பெற்றார். தந்தையார் பால்மரத் தோட்டத் தொழிலாளி. மாணவர் நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பினார். வந்த விடைகள் ஐந்தாறு. அவற்றுள் இரண்டு நேர்முகத் தேர்வுக்கான அழைப்புகள். இரண்டிலும் முன்னனுபவம் உண்டா என்று கேட்டனர். வேலை கிடைத்தாலன்றி அனுபவம் எவ்வாறு வரும் என்று அவர் என்னிடம் கேட்டார். “தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இரு” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை.

ஒரு நாள் தந்தையார் பள்ளிக்கே வந்துவிட்டார். “வாத்தியாரே, நான் மரம் வெட்டிப் படிக்க வச்சது வீணாப் போச்சுங்களா?” என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார். அதனால்தான் அக்கேள்வி எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

அம்மாணவர் பின்னர் அருகிலிருந்த பட்டணத்தில் கணினி உறுப்புகளை விற்கும் ஒரு கடையில் குறைந்த சம்பளத்திற்குச் சேர்ந்தார். பட்டம் பெற்றவன் கடையில் திருகாணி முடுக்குவதா என்று உறவினர் சிலர் நகைத்தனர். அக்கடைக்காரர் சரக்கு இருப்பைப் பேரேட்டில் எழுதி வந்தார். மாணவர் ஓய்வு நேரங்களில் அதற்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். என்ன சரக்கு வந்தது, எது விற்றது, யார் பணம் தரவேண்டும் என்பவற்றை அது காட்டியது. அடுத்த நேர்முகத் தேர்வில் முன்னனுபவம் பற்றிக் கேட்டபோது அவர் பட்டத்தை எடுத்துக் காட்டவில்லை. அந்த நிரலையே காட்டினார். பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் கணினி உதவி மையத்தில் இரவு முறை வேலை கிடைத்தது. நிரல் எழுதும் பணிக்கு மாற அவருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

1960களில் எழுத்தர் நிரலரானதும் இவ்வழியேதான். அலுவலகக் கணக்கை அறிந்தவர் பொறிக்குள் அதைக் கொண்டுவந்தார். இவரோ பொறியை அறிந்து, பின்னர்க் கடைக் கணக்கை அறிந்துகொண்டார். வழி இருபுறமும் செல்லக்கூடியது என்பதை எனக்குக் கற்பித்தவர் அம்மாணவரே.

தமிழ் காட்டிய சான்று

வேலை கொடுப்போரை எதிர்பாராது தேவையைக் கண்டு செய்யப்பெற்ற பணிகளுக்குத் தமிழுலகிலேயே சான்றுகள் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில், கணினித் திரையில் தமிழ் எழுத்தைக் காண்பதே அரிதாயிருந்த காலத்தில், தமிழ் மென்பொருள் உருவாக்கத்தில் ஈடுபட்டார். அதன் பயனாக வந்த முரசு அஞ்சல் நம் எழுத்தாளர் பலரின் கணினிக்குத் தமிழ் கற்பித்தது. 2005இல் அறிமுகமான செல்லினம் கைப்பேசியிலும் தமிழைக் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் தமிழாசிரியராகவும் சிறுகதை எழுத்தாளராகவும் அறியப்பெற்ற நா. கோவிந்தசாமி, தேசியப் பல்கலைக்கழக அறிஞர்களோடு இணைந்து 1995இல் தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். தமிழ் இணைய மாநாடு 1997இல் சிங்கப்பூரில் கூடியதற்கு இத்தகைய உழைப்பே அடித்தளம்.

இவர்கள் முன் எவரும் தமிழ் மென்பொருள் உருவாக்க ஆள் தேவை என்று விளம்பரம் செய்யவில்லை. தேவை மட்டும் இருந்தது. அதைக் காணும் கண் இருந்தமையால் பணி தொடங்கிற்று.

இன்றைய நிலை

விளம்பரங்களை நாளிதழில் தேடிய காலம் போய், 1990களின் இறுதியிலிருந்து இணையத்தில் தேடும் காலம் வந்தது. மலேசியாவில் ஜாப்ஸ்ட்ரீட் 1997இல் தொடங்கிற்று. விண்ணப்பிப்பது எளிதானமையால் ஓர் இடத்திற்கு வரும் விண்ணப்பங்கள் பன்மடங்காயின. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் கேள்வி மேலும் கூர்மையாகியிருக்கிறது. புதியவருக்குப் பழக்கத்திற்காகக் கொடுக்கும் சிறு சிறு நிரல்களைப் பொறியே எழுதித் தருகின்றது. முதல் வேலைக்குரிய முதற்படியே சுருங்குமோ என்னும் அச்சம் மாணவரிடையே எழுந்துள்ளது.

அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் கூடாது. துளையட்டை அறை மறைந்தது, டிரேட்நெட் படிவ எழுத்தரைக் குறைத்தது, இவையெல்லாம் நடந்தவையே. ஒவ்வொரு முறையும் பழைய முதற்படி போயிற்று. புதிய படி வேறோர் இடத்தில் தோன்றிற்று. இடையில் ஓராண்டோ ஈராண்டோ நின்றவர்க்குப் படியே இல்லாதது போலத் தோன்றிற்று. அவ்விடைக்காலத்தில் பட்டம் பெற்றது அவர் குற்றமன்று.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கவை சில உள. வேலை தாமதமாகக் கிடைக்கும் மாணவரைத் தோற்றவராகக் கருதாதிருத்தல் முதலாவது. படிக்கும் காலத்திலேயே ஒரு கடைக்கோ கோயிலுக்கோ பள்ளி நூலகத்திற்கோ பயன்படும் ஒன்றைச் செய்து முடிக்குமாறு தூண்டுதல் இரண்டாவது. கணக்கையும் மக்கள் தேவையையும் அறியாத நிரலுக்கு மதிப்பில்லை. மூன்றாவது, முன்பு படித்து வேலையிலிருக்கும் மாணவரைப் பின்வருவோரோடு இணைத்து வைத்தல். கிராணி வேலைக்குப் பரிந்துரை செய்த பெரியவரை நம் முன்னோர் தேடிச் சென்றனர். தோட்டம் கலைந்தபோது அந்தத் தொடர்பும் கலைந்தது. அதை மீண்டும் கட்டுவது பள்ளியால் இயலும்.

அன்று பள்ளிக்கு வந்த தந்தையாருக்கு நான் விடை சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இன்று அவர் வந்து கேட்டால், உங்கள் உழைப்பு வீணாகவில்லை ஐயா, கதவு திறக்கும் நேரம் மட்டும் நம் கையில் இல்லை என்பேன். மகனை அழைத்து, கடைப் பேரேட்டை முதலில் படித்துப் பார் என்பேன். அதை ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.